அதன் அச்சமே நமது காவல்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கயோட்டி. நரியைவிடப் பெரிதாய், ஓநாயைவிடச் சிறிதாய், சாம்பலும் பழுப்பும் கலந்த மயிரோடு, வாலைத் தாழ்த்திக்கொண்டு விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் நம் தெருக்களில் நடந்து போகிறதே, அந்த விலங்கு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் பள்ளத்தாக்கின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது புதிதல்ல. ஹைலண்ட் கிரீக் ஓடைக்கரையில் நடை பயில்பவர்களுக்கும் புதிதல்ல. அதைக் கண்டால் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் நடுங்கிப்போய்க் கதவைச் சாத்துகிறார்கள். இவற்றையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், பாவம், பசியோடு வந்திருக்கிறது என்று மிச்சம் மீதியை வேலியோரம் வைக்கிறார்கள். இந்த இரண்டு வழியும் நம் பிள்ளைகளைக் காப்பாற்றாது என்பதே என் வாதம். கயோட்டி மனிதரிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் மனிதரே அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். உணவு கொடுத்தால் துணிவைக் கற்கும். நிமிர்ந்து நின்று விரட்டினால் விலகலைக் கற்கும். எதைக் கற்பிக்கப் போகிறோம்? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில், இது எங்கிருந்து வந்தது? காட்டில் வழிதவறி ஊருக்குள் வந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கயோட்டி இந்தக் கண்டத்துக்கே உரிய உயிர். ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளும் வறண்ட நிலங்களுமே அதன் தாயகம். குடியேறிய ஐரோப்பியர்கள் ஓநாய்களைச் சுட்டும், பொறிவைத்தும், நஞ்சிட்டும் பெருநிலப்பரப்பிலிருந்து ஒழித்தார்கள். காடுகளை வெட்டி வயல்களாக்கினார்கள். ஓநாய் இல்லாமற்போன, காடு திறந்துவிட்ட அந்த நிலத்துக்குள் 20ஆம் நூற்றாண்டில் கயோட்டி கிழக்கு நோக்கி நடந்தது. ஒன்ராறியோவுக்கு வந்தது. அத்லாந்திக் கரையைத் தொட்டது. 1980களில் நியூபவுண்ட்லாந்துத் தீவையும் எட்டியது. வழியில் எஞ்சியிருந்த ஓநாய்களோடு இனம் கலந்தது. அதனால்தான் நம் பக்கத்துக் கயோட்டி மேற்கில் வாழ்வதைவிடச் சற்றுப் பெரியது. அப்படியும் அதன் எடை பெரும்பாலும் 13 முதல் 18 கிலோ வரைதான். அடர்ந்த குளிர்கால மயிர்தான் அதை அத்தனை பெரிதாகக் காட்டுகிறது. ஆகவே நாம் அதன் வீட்டைப் பறித்தோம் என்பதும் முழு உண்மையல்ல, அது நம் வீட்டுக்குள் புகுந்தது என்பதும் முழு உண்மையல்ல. மனிதர் மாற்றியமைத்த நிலத்தில் அது தனக்கொரு இடம் தேடிக்கொண்டது. இனி அது போகப்போவதில்லை. இங்கிருந்துதான் நம் சிந்தனை தொடங்க வேண்டும்.

சரி, பெருநகருக்குள் அது என்ன செய்கிறது? எதைத் தின்று வாழ்கிறது? இதற்கு ஊகம் தேவையில்லை, ஆதாரம் இருக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டு முதல் சிக்காகோ நகரத்தையும் அதன் புறநகர்களையும் களமாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டிகளைப் பிடித்து, அடையாளமிட்டு, பலவற்றுக்குச் சமிக்ஞை அனுப்பும் கழுத்துப்பட்டை அணிவித்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் 1,400க்கும் அதிகமான எச்சங்களைச் சேகரித்துப் பகுத்துப் பார்த்தபோது தெரிந்தது என்ன? நூற்றுக்கு 42 எச்சங்களில் எலி போன்ற கொறிக்கும் பிராணிகள் இருந்தன. பழங்கள் இருந்தன, மான் இருந்தது, முயல் இருந்தது. மனிதரிடமிருந்து வந்த உணவு நூற்றுக்கு இரண்டு அளவில்தான். பூனை நூற்றுக்கு ஒன்றையொட்டி. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் மாநகரத்தில், இரவில் நம் சன்னல்களுக்குக் கீழே நடந்துகொண்டே, நம்மைத் தொடாமல், நம் குப்பையையும் பெரும்பாலும் தொடாமல், எலி பிடித்துப் பிழைக்கிறது இந்த விலங்கு. 2007 ஏப்ரலில் சிக்காகோ நகரின் நடுவே ஒரு கயோட்டி திறந்திருந்த உணவுக் கடைக்குள் நுழைந்தது. யாரையும் கடிக்கவில்லை, குளிர்பானப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். வெருண்ட கயோட்டி ஒதுங்கவே இடம் தேடும். அதன் இயல்பு அதுதான்.

அப்படியானால் கடிபட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1981இல் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில், வீட்டு வாசலிலேயே மூன்று வயதுக் குழந்தை ஒன்று கயோட்டியால் கொல்லப்பட்டது. 2009இல் நோவா ஸ்கோசியாவின் கேப் பிரெற்றன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில், நடைபாதையில் தனியே சென்ற 19 வயது இளம் பாடகி, ரொறன்ரோவைச் சேர்ந்தவர், தாக்கப்பட்டு இறந்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் உறுதிப்படுத்தப்பட்ட மரணங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்பவை இந்த இரண்டுமே. 1960 முதல் 2006 வரை இரு நாடுகளிலும் பதிவான தாக்குதல்களைக் கெர்ட்டும் அவருடைய சக ஆய்வாளரும் திரட்டியபோது கிடைத்தவை 142 நிகழ்வுகள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு 142. அமெரிக்காவில் மட்டும் ஓராண்டில் நாய்க்கடிக்கு ஆளாவோர் 45 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது இந்த எண்ணைவிட முக்கியமான ஒன்று. அந்த நிகழ்வுகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்றில், தாக்குதல் நடந்த இடத்துக்கு அருகில் யாரோ கயோட்டிக்கு உணவிட்டிருந்தார்கள்; தெரிந்து சிலர், தெரியாமல் சிலர். இது தெரியவந்த கணக்கு மட்டும்தான். இரகசியமாக உணவு வைத்தவர் எத்தனை பேர் அதை ஒப்புக்கொண்டிருப்பார்கள்?

கிளென்டேலுக்குத் திரும்புவோம். அந்தக் குழந்தை இறந்த பின், அதே இடத்தைச் சுற்றி அரை மைல் தூரத்துக்குள், 80 நாட்களில் 55 கயோட்டிகளைப் பிடித்துக் கொன்றார்கள். சிந்தித்துப் பாருங்கள். அரை மைலுக்குள் 55! எலியையும் முயலையும் மட்டும் நம்பி அத்தனை சிறிய நிலத்தில் 55 கயோட்டிகள் வாழ முடியுமா? அடுத்து வன்கூவருக்கு வருவோம். ஸ்ரான்லி பூங்கா அந்த நகரத்தின் பெருமை. அங்கே பல காலமாகக் கயோட்டிகளும் மக்களும் சச்சரவில்லாமல் இருந்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் 45 பேர் அந்தப் பூங்காவில் தாக்கப்பட்டார்கள். ஓடியவர்கள், மிதிவண்டி ஓட்டியவர்கள், சின்னஞ்சிறு பிள்ளைகள். பூங்காவை மூடினார்கள்; அந்த ஆண்டில் 11 கயோட்டிகளைக் கொன்றார்கள். அலசிப் பார்த்தவர்கள் சுட்டிய முதன்மைக் காரணங்களில் ஒன்று: மக்கள் உணவிட்டார்கள். படம் பிடிப்பதற்காக இட்டார்கள், இரக்கத்தால் இட்டார்கள், திறந்த குப்பைத்தொட்டிகளால் அறியாமல் இட்டார்கள். கடிபட்டவர்கள் உணவிட்டவர்கள் அல்லர் என்பதுதான் இதில் கொடுமை. ஒருவர் வைத்த உணவுக்கு இன்னொருவரின் பிள்ளை விலை கொடுத்தது. இறுதியில் அந்த விலங்கும் விலை கொடுத்தது.

உணவு ஏன் இத்தனை ஆபத்தாகிறது? உணவு அச்சத்தைக் கொல்கிறது என்பதால். ராபர்ட் டிம், ரெக்ஸ் பேக்கர் முதலிய ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்து, கயோட்டியின் துணிவு படிப்படியாக ஏறுவதை 2004இல் எழுதி வைத்தார்கள். முதலில் இரவில் தெருக்களில் அடிக்கடி தென்படும். பிறகு இரவில் வளர்ப்புப் பிராணிகளைத் தூக்கும். பிறகு காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில் உலாவும். பிறகு பகலிலேயே பிராணிகளைத் துரத்தும். பிறகு கயிற்றில் பிடித்திருக்கும் நாயையும் தாக்கும். ஓடுபவர்களையும் மிதிவண்டிக்காரர்களையும் விரட்டும். பிறகு நண்பகலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தைச் சுற்றிவரும். கடைசியில் பெரியவர்களையே எதிர்க்கும். ஒவ்வொரு படியிலும் தடுக்க நமக்கு வாய்ப்பு இருந்தது. அது கடைசிப் படிவரை வந்தால், ஒவ்வொரு படியிலும் நாம் சும்மா இருந்தோம் என்பதே பொருள். ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். பகலில் ஒரு கயோட்டியைக் கண்டதுமே விசர் பிடித்தது என்று முடிவுகட்ட வேண்டாம். வசந்த காலத்தில் குட்டிகளுக்கு இரை தேடி அது பகலிலும் அலையும். உங்களைக் கண்டதும் விலகிப் போகிறதா, நின்று முறைக்கிறதா, நெருங்கி வருகிறதா? பார்க்க வேண்டியது அதைத்தான். இரவில் கூட்டமாக ஊளையிட்டால் பத்துப் பதினைந்து வந்துவிட்டன என்றும் அஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று கயோட்டிகளே குரலை மாற்றி மாற்றி எழுப்பிப் பெருங்கூட்டம்போல் ஒலிக்கச் செய்யும்.

இங்கே நம் சமூகத்தோடு சில சொற்கள் மனம்விட்டுப் பேச வேண்டும். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் மரபு. வாயில்லாச் சீவனுக்கு ஒரு பிடி வைப்பது நம் அறம். அந்த இரக்கத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த நாட்டில், இந்தப் பின்வளவில், வைத்த சோறு காகத்தோடு நிற்பதில்லை. எலி வருகிறது, அணில் வருகிறது, இரவில் ரக்கூன் வருகிறது. அவற்றைத் தேடிக் கயோட்டி வருகிறது. மீன் கழுவிய தண்ணீரும், இறைச்சிக் கழிவும், வெளியில் வைத்த நாய்ச் சாப்பாடும், பறவைத் தீனியும், மரத்தடியில் அழுகிக் கிடக்கும் அப்பிளும் எல்லாம் அதற்கு அழைப்பு. ரொறன்ரோவில் 2023 ஏப்ரல் முதல் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவது சொந்த வளவிலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரக்கத்துக்காகவே சொல்கிறேன். உணவுக்குப் பழகிய கயோட்டி ஒருநாள் யாரையாவது நெருங்கும். நெருங்கிய கயோட்டியை ஒருநாள் கொல்ல வேண்டி வரும். நம் கையால் ஊட்டி அதைச் சாவுக்கு அனுப்புவதா இரக்கம்? படையலை வீட்டுக்குள்ளே படைப்போம், பகிர்ந்து உண்போம். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியைக் குப்பை வண்டி வரும் காலையில் வெளியே வைப்போம், முதல் நாள் இரவில் வேண்டாம். பாபிக்யூ அடுப்பின் கொழுப்பைத் துடைத்து வைப்போம். இவ்வளவுதான், இதற்குப் பெரிய செலவும் இல்லை.

இனி, நேருக்கு நேர் சந்தித்தால் என்ன செய்வது? பிள்ளைகளும் கேளுங்கள், அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் கேளுங்கள். ஓடாதீர்கள். முதல் விதி இதுதான். மணிக்கு 60 கிலோமீற்றரை எட்டும் விலங்கை எவராலும் ஓடி வெல்ல முடியாது. ஓடுவதெல்லாம் அதற்கு இரை. முதுகைக் காட்டாதீர்கள். சிறு பிள்ளையையும் சிறு நாயையும் உடனே தூக்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தி ஆட்டி, தொண்டை கிழியக் கத்துங்கள், தமிழில் கத்தினாலும் அதற்கு விளங்கும். காலை உதையுங்கள், கை தட்டுங்கள், குடையைச் சட்டென்று விரியுங்கள், சில்லறைக் காசு போட்ட தகரப் பேணியைக் குலுக்குங்கள், சிறு தடியை அதன் பக்கமாக எறியுங்கள். அது ஓரடி விலகி நின்று திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கு மறையும் வரை விரட்டுங்கள். பாதியில் விட்டால், சற்றுப் பொறுத்தால் இவர்கள் அடங்கிவிடுவார்கள் என்ற பாடத்தைத்தான் அது கற்கும். அது போகாவிட்டால், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். ஆனால் நோயுற்றதையும், வழியின்றி மூலையில் மாட்டிக்கொண்டதையும், குட்டிகளோடு நிற்பதையும் விரட்ட முனையாதீர்கள். அமைதியாகப் பின்வாங்கி, நகராட்சியின் 311 எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். ஆள்மீது பாய வந்தால் அவசர உதவிக்கு 911. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கயோட்டியின் கண்ணில் சிறிய நாய் இரை. பெரிய நாய் போட்டியாளன். சனவரி முதல் மார்ச் வரை அவற்றின் இணை சேரும் காலம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் குட்டி ஈனும். இந்த மாதங்களில் அவற்றுக்குத் தம் எல்லையின்மேல் அக்கறை அதிகம். குகைக்கு அருகில் நாயோடு போனால், தாயோ தந்தையோ உங்களைப் பின்தொடர்ந்து வந்து எல்லைவரை வழியனுப்பும். வேட்டையாட வருகிறது என்று பலர் பதறும் காட்சி பெரும்பாலும் இதுதான். நாயை அருகில் இழுத்துக்கொண்டு, ஓடாமல் விலகினால் போதும். 2021 ஜூலையில் இதே ஸ்காபரோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவளுடைய சின்ன நாயையும் ஒரு கயோட்டி துரத்தியது. அந்தச் சிறு நாய் எதிர்த்து நின்று படுகாயமுற்றது, பின்னர் பிழைத்தது. நாயின் வீரத்தை எல்லோரும் புகழ்ந்தோம். புகழ வேண்டியதுதான். ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பு நாயின் வீரத்தை நம்பியிருக்கக் கூடாது. நாயை இரண்டு மீற்றருக்கு மிகாத கயிற்றில் பிடியுங்கள். இரவில் பின்வளவில் தனியே விடாதீர்கள். பூனையை வீட்டுக்குள்ளே வளருங்கள்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். இத்தனை பாடு எதற்கு, எல்லாவற்றையும் கொன்றால் தீராதா என்று கேட்கிறார்கள். கொன்று பார்க்காமலா விட்டார்கள்? நஞ்சு வைத்தார்கள், பொறி வைத்தார்கள், விமானத்திலிருந்து சுட்டார்கள். இன்றும் அமெரிக்க அரசின் ஒரு துறை மட்டுமே ஆண்டுக்கு 60,000 என்ற அளவில் கயோட்டிகளைக் கொல்கிறது. விளைவு? கொல்லத் தொடங்கிய காலத்தில் மேற்கில் மட்டும் இருந்த விலங்கு இன்று கண்டம் முழுவதும் இருக்கிறது. காரணம் அதன் குடும்ப வாழ்வில் இருக்கிறது. ஓர் எல்லைக்குள் ஒரு சோடிதான் குட்டி ஈனும். அந்தச் சோடி மற்றவற்றை அண்ட விடாது. அந்தச் சோடியைச் சுட்டால், அடங்கியிருந்த இளையவையும் ஈனத் தொடங்கும். இரை மிகுதியாகக் கிடைப்பதால் குட்டிகள் அதிகம் பிழைக்கும். வெளியிலிருந்து புதியவை வந்து காலியிடத்தை நிரப்பும். ஆண்டுதோறும் நூற்றுக்கு 70 என்ற அளவில் கொன்றுகொண்டே இருந்தாலன்றித் தொகை குறையாது என்று 1970களிலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் தெருக்களில் துப்பாக்கியும் நஞ்சும் கொண்டு அதைச் செய்ய முடியுமா? மனிதருக்கு அஞ்சி விலகும் கயோட்டி குடியிருக்கும் தெரு, பாதுகாப்பான தெரு. அதைக் கொன்றுவிட்டு, எங்கிருந்தோ வரும் அறியாத ஒன்றுக்கு ஏன் இடம் விட வேண்டும்?

அப்படியானால் ஒருபோதும் கொல்லக் கூடாது என்கிறீர்களா? இல்லை. ரொறன்ரோவின் லிபர்ட்டி விலேஜ், ஃபோர்ட் யோர்க் பகுதிகளில் 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் கயிற்றில் பிடித்திருந்த நாய்களையே கயோட்டிகள் தாக்கின. விரட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. 2025 மார்ச்சில் இரண்டு கயோட்டிகளைக் கொன்றார்கள். குறிப்பிட்ட விலங்கு, குறிப்பிட்ட இடம், எல்லா வழியும் முயன்று தோற்ற பிறகு. இந்தக் கடைசி முடிவை நான் ஏற்கிறேன். மனித உயிர் முதன்மையானது. ஆனால் கடைசி வழியை முதல் வழியாக்கினால், உணவிட்ட கை தண்டனையில்லாமல் அடுத்த கயோட்டியைப் பழக்கத் தொடங்கிவிடும்.

பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. கேட்க நல்லதாகவே இருக்கிறது. ஆனால் ஒன்ராறியோவின் சட்டப்படி, பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விட முடியும். இந்தச் சட்டத்துக்கு நியாயம் உண்டு. அறியாத இடத்தில் விட்டால் அது பசியால் சாகும், அங்கிருப்பவற்றோடு சண்டையிட்டுச் சாகும், திரும்பி வரும் வழியில் வாகனத்தில் அடிபட்டுச் சாகும். நோயையும் கொண்டுபோகும். துணிந்த விலங்கானால் அடுத்த ஊர்ப் பிள்ளைகளிடம் நம் பிரச்சினையை அனுப்பியவர்கள் ஆவோம். அது தீர்வல்ல, தள்ளிவிடுதல்.

மூன்றாவது கேள்வி மிகவும் நியாயமானது. ஒரு தாய் கேட்கிறார்: ஆயிரத்தில் ஒன்று, இலட்சத்தில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறீர்களே, அந்த ஒன்று என் பிள்ளையாக இருந்தால்? அம்மா, உங்கள் அச்சத்தை எந்தப் புள்ளிவிவரத்தாலும் நான் தள்ளிவிடமாட்டேன். நான் சொன்ன அனைத்தும் அந்த ஒரு பிள்ளைக்காகத்தான். உணவை அகற்றுவது அந்தப் பிள்ளைக்காக. விரட்டக் கற்பிப்பது அந்தப் பிள்ளைக்காக. வளவில் விளையாடும் சிறு குழந்தையோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பிள்ளைக்காக. எதுவும் செய்யாமல் அஞ்சிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பிள்ளையைக் கைவிடுவது. விரட்டுவது கொடுமை என்று வருந்தும் நண்பர்களுக்கும் இதே விடைதான். ஒரு குடை விரிந்த அதிர்ச்சி அதன் உடலில் ஒரு கீறலும் விடாது. அது கற்றுக்கொண்ட அச்சம் அதன் ஆயுளை நீட்டும்.

நான் ஒருவர் செய்தால் போதுமா, பக்கத்து வீட்டார் செய்யாவிட்டால்? போதாது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கயோட்டி ஓரிரவில் பல கிலோமீற்றர் நடக்கும். அதற்கு நம் வேலிகள் எல்லையல்ல. ஒன்பது வீடுகள் விரட்டி, பத்தாவது வீடு ஊட்டினால், அது பத்தாவது வீட்டின் பாடத்தையே நினைவில் வைக்கும். ஆகவே இது தெருவின் வேலை. அயலவரோடு பேசுங்கள், அவர் சீனராகவோ இத்தாலியராகவோ இருந்தால் என்ன, பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லோருக்கும் ஒன்றுதான். உணவிடும் இடம் தெரிந்தால் முதலில் அன்போடு சொல்லுங்கள். கேட்காவிட்டால் நகராட்சிக்குச் சொல்லுங்கள். கோவிலிலும், தேவாலயத்திலும், தமிழ்ப் பள்ளியிலும், முதியோர் மன்றத்திலும் நிமிர்ந்து நின்று கத்தும் பயிற்சியைப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுங்கள்.

இந்த மண்டபத்தை விட்டுப் போகும் உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். இன்றிரவே உங்கள் பின்வளவைச் சுற்றிப் பார்த்து, தின்னக்கூடியது எதுவும் வெளியில் இல்லாமல் செய்யுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளுக்கு, ஓடாதே, நில், நிமிர், கத்து என்று சொல்லிக்கொடுத்து, செய்தும் பார்க்கவையுங்கள். இந்த வாரத்துக்குள் இரண்டு அயலவரோடு இதைப் பேசுங்கள். கயோட்டி நம்மோடு வாழப்போகிறது. எப்படி வாழும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு நம்முடையது. அந்தப் பொறுப்பை அச்சத்துக்கும் விடாமல், தவறான இரக்கத்துக்கும் விடாமல், அறிவோடும் ஒற்றுமையோடும் நாமே ஏற்றுக்கொள்வோம்.